முதல் படியிலேயே நின்றவர்கள்

1

இந்த ஊருக்கு வந்த புதிதில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எந்தப் பள்ளியில் படித்தீர்கள்? வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது நோயாளி கேட்பார். ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே கடைக்காரர் கேட்பார். படிப்பின் மேல் இத்தனை மரியாதை உள்ள ஜனங்களா என்று நான் பூரித்துப்போவேன். திருத்தணியில் ஐந்தாவது வரைக்கும் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடம், அப்புறம் அரக்கோணத்தில் பெண்கள் பள்ளி, தினமும் காலை ரயில், ரயிலில் எனக்கு ஜன்னலோரம் விடாத ஒரு சண்டைக்காரி என்று விலாவாரியாகச் சொல்வேன். கேட்டவர் முகம் குழம்பிப்போகும்.

என்னோடு வேலை பார்க்கும் இந்த ஊர்க்காரி ஷீலாதான் ஒருநாள் சிரித்துச் சிரித்து விளக்கினாள். இங்கே பள்ளியின் பெயரைச் சொன்னால் ஆள் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்று தெரிந்துவிடும். நேராகக் கேட்பது அநாகரிகம், அதனால் பள்ளியைக் கேட்கிறார்கள். என் அரக்கோணம் அவர்களுடைய எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

நான் இருப்பது வட அயர்லாந்தில், ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். அங்கே போயா குடும்பம் நடத்துகிறாய் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த இரண்டு தரப்பும் சுட்டுக்கொள்வதாகச் செய்தியில் நீங்கள் படிப்பதெல்லாம் உண்மை. ஆனால் செய்தியில் வராதது நிறைய இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் தன் முழங்கால் வலியிலிருந்து மருமகள் சமையல் வரை சொல்லி முடித்துவிடுவார். மழை பெய்தால் நல்ல நாள் என்பார்கள், பெய்யாவிட்டால் இன்னும் நல்ல நாள் என்பார்கள். கடைத்தெருவுக்குள் நுழையும்போது சிப்பாய்கள் பையைச் சோதிப்பார்கள். ஒரு தடவை என் பையில் இருந்த பெருங்காய டப்பாவை ஒரு சின்னப் பையன் சிப்பாய் திறந்து முகர்ந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் முகர்ந்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். குழம்புக்குப் போடுவது என்று நான் சொன்னதை மூன்று பேருமே நம்பவில்லை. கடைசியில் வயதான ஒரு சார்ஜண்ட் வந்தார். அவர் ஒரு காலத்தில் பல்லாவரம் ராணுவ முகாமில் இருந்தவராம். டப்பாவை ஆசையாக முகர்ந்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரருக்கு லினன் துணி ஆலையில் தறி மெக்கானிக் வேலை. மகள் கவிதாவுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். இந்த ஊர்க்காரர்கள் எதற்கும் ஒரு 'குட்டி' சேர்த்துப் பேசுவார்கள். குட்டித் தேநீர், குட்டி ஊசி, குட்டிப் பிரச்சினை. கவிதா அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அம்மா, குட்டி சாம்பார் ஊத்து என்பாள். அவள் தமிழைக் கேட்டால் எங்கள் தெருவில் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். அதுவும் வீட்டுக்குள் மட்டும்தான். பஸ்ஸில் நான் தமிழில் ஏதாவது கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பள்ளி வாசலுக்கு நான் வரக்கூடாது, மூலைக் கடையருகேதான் நிற்க வேண்டும் என்பது இந்த வருடத்துப் புது உத்தரவு. புடவையை விட்டுக் கால்சட்டைக்கு மாறிப் பார்த்தேன். அப்படியும் உத்தரவு மாறவில்லை.

2

இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் இரண்டு கொலைகள் நடந்தன. முதலில் கொத்தனார் வேலை செய்த ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். அவர் ஒரு கட்சியில் இருந்தார். சில நாள் கழித்து அதற்குப் பதிலாக எதிர்த்தரப்புப் பையன் ஒருவனை பஸ் நிறுத்தத்தில் சுட்டார்கள். இருபது வயதுகூட ஆகவில்லை. கொத்தனாரின் தாய் நோரா, எங்கள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருப்பவர். பையனின் தாய் ஐரீன், பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவர். கவிதாவுக்கு அவர்தான் மதியம் உருளைக்கிழங்கு பரிமாறுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தேவாலயங்களிலும் வழிபாடு முடிந்தபின் பெண்கள் கூடிப் பேசினார்கள். சுட்டவர்களைப் பிடிக்க வேண்டும், இதற்குப் பதிலாக இன்னொருவரைச் சுடக் கூடாது. இந்த இரண்டையும் சொல்லிக்கொண்டு ஊர் முழுக்க ஒன்றாக நடப்பது என்று முடிவு. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. எந்தத் தேவாலயத்திலிருந்து கிளம்புவது? ஒரு பக்கத்துப் பாட்டு மற்றப் பக்கத்துக்குத் தெரியாது, தெரிந்த பாட்டுக்கு ராகம் வேறு. அனுமதி வாங்கப் போனால் அங்கிருந்த அலுவலர், இது மத ஊர்வலமா அரசியல் ஊர்வலமா, இரண்டுக்கும் வேறு வேறு மேசை என்றார். இரண்டும்தான் என்று ஷீலா சொல்லியிருக்கிறாள். இரண்டுக்கும் சேர்த்து மேசை இல்லை என்றாராம்.

முன்னால் யார் நடப்பது என்பதில்தான் பெரிய இழுபறி. ஒரு மாலை ஷீலா என் வீட்டுக்கு வந்து, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், முதல் வரிசையில் நோராவுக்கும் ஐரீனுக்கும் நடுவில் நான் நடக்க வேண்டும் என்றாள்.

நான் எதற்கு என்று கேட்டேன்.

"உன்னை மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது" என்றாள்.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். பயந்து சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார். நமக்கு இங்கே ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இருப்பது வேலை மட்டும், வேலை உண்டு வீடு உண்டு என்று இருப்போம் என்றார். கவிதா படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முன் வரிசை என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவள் பள்ளியில் படிக்கும் அத்தனை பேரும் பார்ப்பார்களே.

ஷீலா குட்டித் தேநீர் ஒன்று குடித்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்று அடுப்படியில் நின்று பாத்திரம் கழுவும்போது திருத்தணி கஸ்தூரி அக்காவின் முகம் வந்து வந்து போனது.

3

அப்போது நான் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். எங்கள் தெரு முழுக்க நெசவுதான். ஒரு வீட்டில் தமிழ் பேசினால் அடுத்த வீட்டில் தெலுங்கு. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் அப்பாவை நைனா என்போம், அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்போம். என் பாவா ஏகாம்பரம் எங்கள் தெரு பஜனை கோஷ்டிக்குத் தலைவர், மிருதங்கம் வாசிப்பார். பாவாவுக்கு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. தறியில் நூல் அறுந்தாலும் சிரிப்பார், அக்கா திட்டினாலும் சிரிப்பார்.

அது தேர்தல் முடிந்த நேரம். நெசவாளர் சங்கத்தில் முனிரத்தினம் என்று ஒருவர், ஒரு கட்சியின் ஆள். பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டில் அவரை வெட்டினார்கள். பள்ளிப்பட்டு பஸ் புறப்படுகிற நேரம், கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். அவர் மனைவிதான் கஸ்தூரி அக்கா, எங்கள் கோஷ்டியில் முன்பாட்டுப் பாடுகிறவர். ஒரு வாரம் போவதற்குள் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஏழுமலை என்கிற லாரிக்காரரைத் திருவாலங்காடு போகிற வழியில், கரும்பு லாரிகள் நிற்குமிடத்தில் கொன்று போட்டிருந்தார்கள். அவர் மனைவி ஜகதாம்பா, நகரிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர்.

போலீஸ் வந்து விசாரித்தது. பஸ் ஸ்டாண்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை. டீக்கடைக் கோவிந்தன் குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாராம். பூக்காரம்மா குனிந்து கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாராம். கண்டக்டர் குனிந்து விழுந்த டிக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு அந்த நேரத்தில் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஒருவர்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. பாவா இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அன்று இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார். அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

கோஷ்டியும் உடைந்துபோனது. ஆர்மோனியம் ஒரு கட்சி, ஜால்ரா இன்னொரு கட்சி. வெள்ளிக்கிழமை பஜனை நின்றது. முனிரத்தினத்தின் தம்பி தணிகாசலம் கருமாதி முடியட்டும் என்று காத்திருந்தான். காரியம் முடிந்ததும் எதிர்க்கட்சிக்காரர்கள் இருக்கும் தெருவைக் கொளுத்தப்போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் வீட்டுப் பின்கட்டில் மண்ணெண்ணெய் டின்கள் வந்து இறங்கியதைப் பிள்ளைகள்கூடப் பார்த்தன.

இந்த நிலையில்தான் ஒருநாள் மாவு மில்லுக்குப் போனேன். அரிசி டின்களோடு பெண்கள் வரிசையாக நின்றிருந்தோம். ஜகதாம்பாவும் வந்து நின்றார். வீட்டில் மூன்று பிள்ளைகள், மாவு அரைக்க வேறு ஆள் இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். அப்போது கஸ்தூரி அக்கா உள்ளே வந்தார். புருஷனை இழந்த பெண் இத்தனை சீக்கிரம் வாசல் தாண்டி வருவதே எங்கள் பக்கம் வழக்கமில்லை. அக்கா நேராகப் போய்த் தன் டின்னை ஜகதாம்பாவின் டின்னை ஒட்டி வைத்தார்.

"உம் புருஷன கொன்னது எங்க ஆளுங்கதான்னு சொல்றாங்க. பேரு எனக்குத் தெரியாது. கேட்டு நானே சொல்றேன். என் வூட்டுக்காரர கொன்னவன் பேர நீ கேட்டுச் சொல்லு. ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போவட்டும். எவன் வூடும் எரிய வாணாம்."

ஜகதாம்பா மாவு அரைத்து முடித்த பிறகும் போகாமல், கஸ்தூரி அக்காவின் அரிசி அரைபடும்வரை அங்கேயே நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனார்கள்.

4

கஸ்தூரி அக்கா மறுநாளே பாவாவிடம் வந்தார். ஊரில் நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். கூட்டம் போட முடியாது, ஊர்வலம் போக முடியாது. ஆனால் ஆங்கில வருஷத்தின் கடைசி நாளன்று நடக்கும் படித் திருவிழாவை யார் தடுக்க முடியும்? பட்டணத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பஜனை கோஷ்டிகள் வந்து, மலைப்படியில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். அந்தத் திருவிழாவில் நம் கோஷ்டி நியாயம் கேட்டுப் பாட வேண்டும் என்றார் அக்கா. பாவா யோசிக்கக்கூட இல்லை. ஆங், செய்வோம் என்றார்.

செய்வோம் என்று சொன்ன இரண்டாம் நாள் காலை, எங்கள் வாசலில் அவருடைய மிருதங்கம் கிடந்தது. இரண்டு பக்கத் தோலும் கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. என் அக்காவுக்கு அப்போது நிறைமாதம். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நீ சும்மா இரு, உனக்கு இதில் இன்னா வேலை என்று அழுதாள். பாவா மிருதங்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படியும் தைப்பூசத்துக்குத் தோல் மாற்ற வேண்டியதுதான் என்றார். புத்தூரில் தெரிந்தவரிடம் போய் இரவல் மிருதங்கம் வாங்கி வந்தார். ஆர்மோனியக்காரர் வீட்டுக்கும் ஜால்ராக்காரர் வீட்டுக்கும் அவரே போனார். என்ன பேசினார் என்று தெரியாது. திருவிழா அன்று காலையில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றாலும், வந்துவிட்டார்கள்.

மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை அருகே கூட்டம் நிரம்பி வழிந்தது. அரக்கோணம் ரயில்வே காலனி தேவாலயத்திலிருந்து போதகரும் பத்துப் பதினைந்து பேரும் வந்து கரையோரம் நின்றார்கள். பஜார் பள்ளிவாசல்காரர்கள் பெரிய அண்டாவில் சர்பத் கரைத்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி அக்காதான் எல்லா இடத்துக்கும் ஆள் அனுப்பியிருந்தார்.

படியருகே போனதும் சிக்கல் வந்தது. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி அதை நினைவுபடுத்தினார். கஸ்தூரி அக்கா தெரியும் என்றார், நாங்கள் ஏறப்போவதில்லை, கீழேதான் நிற்கப்போகிறோம் என்றார். ஜகதாம்பாவும் அவரும் முதல் படிக்கு முன்னால் தரையில் நின்றார்கள். கோஷ்டி முதல் படியில் ஏறியது. பாவா அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இவங்க கீழ நின்னுகினு இருக்கும்போது நாம மட்டும் மேல போயி இன்னா கேக்கறது? கேக்கறத இங்கியே கேப்போம்" என்று சொல்லிவிட்டு மிருதங்கத்தைத் தட்டினார்.

கீழே நின்றபடி கஸ்தூரி அக்கா எடுத்தார். வழக்கமான பஜனை மெட்டுத்தான், சொற்கள் அவருடையவை. பார்த்த கண்ணு பேசணும் என்று அவர் பாட, முருகா பேச வை என்று நாங்கள் வாங்கினோம். கொன்னவன் கோர்ட்டுக்குப் போகணும், முருகா போக வை. எவன் வூடும் எரியாம, முருகா காத்து வை. அடுத்த அடி, குனிஞ்சவங்க நிமிரணும். அதைக் கேட்டதும் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே பரவியது. ஊருக்கே தெரியும், யாரெல்லாம் குனிந்திருந்தார்கள் என்று. ஆர்மோனியக்காரரும் சிரித்துவிட்டார். ஜால்ராக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

பாட்டு முடிந்தால்தான் அடுத்த படி. எங்கள் பாட்டு முடியவில்லை. முதல் அடிக்கே திரும்பித் திரும்பி வந்தோம். பின்னால் கோஷ்டிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. படி அகலமானது, நினைத்தால் ஓரமாக ஏறிப் போகலாம். சிலர் முணுமுணுத்துக்கொண்டு போகவும் செய்தார்கள். புத்தூர் கோஷ்டி போகவில்லை. இன்னா விஷயம் என்று ஜகதாம்பாவிடம் தெலுங்கில் கேட்டார்கள். அவர் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். கேட்டுவிட்டு, அவர்கள் எங்கள் அடிகளைத் தெலுங்கில் வாங்கிப் பாட ஆரம்பித்தார்கள். பட்டணத்துக் கோஷ்டி டோலக்கோடு சேர்ந்தது. ரயில்வே காலனிக்காரர்கள் கை தட்டினார்கள். போதகருக்குத் தாளம் கொஞ்சமும் வரவில்லை, ஆனாலும் விடாமல் தட்டினார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தெற்குப் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதிது. ஏன் மேலே போகாமல் நிற்கிறீர்கள் என்றார். பாட்டு முடியலங்க என்றார் பாவா. இன்ஸ்பெக்டர் இரண்டு அடி கேட்டார்.

"இது பாட்டா, கோஷமா?"

"கோஷ்டி பாடினா பாட்டுதாங்க, சார்."

அவர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தணிகாசலம் வந்தான். பின்னால் நாலைந்து பேர். சிரிப்பெல்லாம் அடங்கியது. பாவாவின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி, வூட்டுக்கு வா, மானம் போவுது என்றான். அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே அடுத்த அடியை எடுத்தார்.

அந்த நேரத்தில் சர்பத் அண்டா பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். டீக்கடைக் கோவிந்தன். டம்ளர் கழுவி உதவிக்கொண்டிருந்தவர், ஈரக்கையோடு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார்.

"நான் குனியலங்க. எல்லாத்தயும் பாத்தேன். பயந்துகினு சொல்லல" என்றார். வெட்டியவர்கள் இரண்டு பேரின் பெயரையும் சொன்னார்.

பாட்டு நின்றது. பூக்காரம்மா நானும்தான் பார்த்தேன் என்றார். பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் கை தூக்கினார்கள். தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான், அந்த இரண்டு பேரையும் அன்றைக்கே தேடிப் போகிறவன்போல. கஸ்தூரி அக்கா அவன் கையைப் பிடித்தார்.

"எங் கணக்கு முடிஞ்சிது, தணிகா. கொன்னவன் பேரு போலீஸுக்குத் தெரிஞ்சிபோச்சி. இப்ப இவ கேக்கறா. இவ புருஷன யாரு கொன்னாங்க? உனக்குத் தெரியும். சொல்லு."

அவன் ஜகதாம்பாவைப் பார்த்தான். அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவன் முதல் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அத்தனை ஜனமும் காத்திருந்தது. பிறகு அவன் எழுந்து இன்ஸ்பெக்டரிடம் போய் மெதுவாகச் சொன்னான். சொன்ன பெயர்களில் ஒன்று அவனோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவனுடையது.

செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்கு நடந்தது. இரண்டு பக்கத்திலும் தண்டனை கிடைத்தது. தணிகாசலம் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னான். அவன் கட்சிக்காரர்கள் பல காலம் அவனோடு பேசவில்லை. எந்தத் தெருவும் எரியவில்லை. மண்ணெண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் கஸ்தூரி அக்கா தெருவில் வீட்டுக்கு வீடு ஊற்றிக் கொடுத்துவிட்டார். அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் ஸ்டவ் அதில்தான் எரிந்தது. என் அக்காவுக்குப் பொங்கலுக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. அது மிருதங்கச் சத்தம் கேட்டால்தான் தூங்கும் என்று பாவா எல்லோரிடமும் பொய் சொல்லித் திரிந்தார்.

5

ஷீலாவிடம் சரி என்றேன். என் வீட்டுக்காரரிடம் மாவு மில் கதையைச் சொன்னபோது அவர் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து போய் என் பழைய பூட்ஸுக்கு மெழுகு போட்டார். ரோடு வழுக்கும் என்றார்.

பாட்டுச் சண்டையைக் கடைசியில் எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? பாட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் வாய் மூடி நடந்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். மழை பெய்தது. நோரா என் வலக்கையைப் பிடித்திருந்தார், ஐரீன் இடக்கையை. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆனால் ஒரு மேட்டில் நான் சறுக்கியபோது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்ததில் மூன்று பேரும் மோதிக்கொண்டோம். ஐரீன் நோராவிடம் மன்னிப்புக் கேட்டார். நோரா பரவாயில்லை என்றார். அதுதான் அவர்கள் பேசிய முதல் வார்த்தை.

தெருவோரத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, உனக்கு இதில் என்ன, உன் நாட்டுக்குப் போ என்று கத்தினார். நான் திரும்பவில்லை. நோரா திரும்பினார். அந்த ஆளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவருக்குக் கால் உடைந்தபோது கட்டுப் போட்டது யாரென்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். நானேதான் கட்டுப் போட்டேனாம், எனக்கு ஞாபகமில்லை. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூட்டத்தில் கவிதாவைத் தேடினேன். அவள் வகுப்புப் பிள்ளைகளோடு எதிர்நடைபாதையில் நின்றாள். கையசைக்கவில்லை. ஆனால் கடைசிவரை அந்தப் பக்கமாகவே கூட வந்தாள்.

ஊர்வலம் முடிந்த மூன்றாம் நாள் மாலை எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. டவுன் பஸ் ஓட்டுகிற டெனிஸ், தினமும் நான் ஏறுகிற பஸ்தான். பையனைச் சுட்டபோது அவருடைய பஸ் நிறுத்தத்துக்குள் வந்துகொண்டிருந்ததாம். சுட்டவர்கள் ஏறிய காரைப் பார்த்திருக்கிறார். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"உங்களிடம் சொன்னால் எந்தப் பக்கத்திடமும் சொன்னதாக ஆகாது என்று நினைத்தேன்" என்றார்.

என்னிடம் சொல்லி என்ன பயன், போலீஸிடம் சொல்ல வேண்டும், நானும் வருகிறேன் என்றேன். தனியாக நாங்கள் இரண்டு பேர் போவது சரியாகப் படவில்லை. வழியில் ஐரீன் வீட்டுக்குப் போனோம். அவர் கையில் மாவோடு அப்படியே வந்தார். நோராவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஐரீனே சொன்னார். நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கவிதா பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். நீ எதற்கு என்றேன். அப்பா வேலையில் இருக்கிறார், தனியாக இருக்க மாட்டேன் என்றாள். மற்ற நாட்களில் நான் தனியாக விட்டால் போதும் என்று இருப்பவள்.

ஸ்டேஷனில் இருந்த இளம் அதிகாரி எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, இத்தனை பேரும் பார்த்தீர்களா என்றார். நான்தான் பார்த்தேன், இவர்கள் என்னோடு வந்தவர்கள் என்றார் டெனிஸ். அதிகாரி நோராவைப் பார்த்தார், ஐரீனைப் பார்த்தார். இரண்டு பேரையும் அவருக்குத் தெரியும். வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். இதை நான் எழுதும் இந்த வாரம் அந்தக் காரை ஓட்டியவனைப் பிடித்துவிட்டார்கள். கொத்தனார் வழக்கில் இன்னும் யாரும் பிடிபடவில்லை. நோராவுக்காக நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைத்தெருவில் நிற்கிறோம்.

அன்று டெனிஸ் உள்ளே பேசி முடிக்க வெகுநேரம் ஆனது. நாற்காலி ஒன்று குறைந்தது. நோரா தன் நாற்காலியைக் கவிதாவுக்குக் கொடுக்கப் பார்த்தார். கவிதா வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு அத்தனை பேருக்கும் முன்னால் வந்து என் மடியில் உட்கார்ந்தாள். கால்கள் கிட்டத்தட்ட தரையைத் தொட்டன. நல்ல கனம். என் தொடை மரத்துப்போனது. டெனிஸ் வெளியே வரும்வரை நான் அசையவே இல்லை.